ஸ்டாக்கைக் குறைச்சா அது எங்கே போகும்?

இந்த செமஸ்டர்ல எடுத்திருக்கிற உற்பத்தி மேலாண்மை பாடத்துல ஒரே கேள்வி வேற வேற வேஷம் போட்டுக்கிட்டு திரும்பத் திரும்ப வருது. தொழிற்சாலையில சரக்கு இருப்பு குறையணும். அதே சமயம் தினசரி உற்பத்தி ஏறி இறங்காம ஒரே சீரா ஓடணும். தனித்தனியா கேட்டா ரெண்டும் நியாயம்தான். சேர்த்துக் கேட்டா ஒண்ணை ஒண்ணு கடிக்கும். முதல் கோரிக்கை ஃபைனான்ஸ்காரரோடது, ரெண்டாவது ஷாப் ஃப்ளோர்காரரோடது. ரெண்டு பேரும் ஒரே மீட்டிங்ல உட்கார்ந்தா என்ன நடக்கும்னு வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். வாங்குறவன் கேட்கிற எண்ணிக்கை தினமும் மாறும். இன்னிக்கு 80 வண்டி, நாளைக்கு 130, மழை பிடிச்சுக்கிட்டா 40. ஆலை தினமும் 100ன்னு நிலையா ஓடினா விக்காத நாள்ல மிச்சம் குடோனுக்குள்ள போகும், நல்லா விக்கிற நாள்ல குடோன்லேர்ந்து வெளிய வரும். குடோன்தான் மெத்தை. மெத்தையை உருவிட்டா ஒவ்வொரு மேடும் பள்ளமும் நேரா இடுப்புல இறங்கும். ஒரு நாள் ஆளுங்க சும்மா உட்கார்ந்திருப்பாங்க, மறுநாள் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓவர்டைம். இந்தச் சிக்கலுக்கு நூறு வருஷமா ஆளாளுக்கு என்ன செஞ்சாங்கங்கிறதுதான் இந்தப் பதிவு. கணக்கு கிடையாது, பயப்படாம படிக்கலாம் :-)

நமக்கெல்லாம் இருப்பு என்றாலே செல்வம். பத்தாயம் நிறைஞ்சிருக்கிற வீட்டுக்குத்தான் பொண்ணு குடுப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ அறுவடை, ஆனா சாப்பாடு தினமும். அப்போ நெல்லை வெச்சுக்கத்தான் வேணும், அதுல தப்பே இல்லை. தொழிற்சாலைக்கும் ரொம்ப நாள் இதே புத்திதான் இருந்தது. மாட்டிக்கிட்டது எங்கேன்னா, பத்தாயத்துல இருக்கிற நெல்லுக்கு யாரும் மாசாமாசம் வட்டி கேட்கிறதில்லை. குடோன்ல இருக்கிற இரும்புக்கு பேங்க் கேட்கும்.

இதை முதல்ல பெரிய அளவுல உணர்ந்தவர் ஹென்றி ஃபோர்டு. 1913ல் ஹைலேண்ட் பார்க்கில் நகரும் அசெம்பிளி லைன் வந்துவிட்டது. ஒரே மாடல், ஆண்டுக்கணக்காக ஒரே கறுப்பு நிறம். சீரான உற்பத்திக்கு அதைவிட வசதியான நிலைமை யாருக்கும் வாய்க்காது. ஆனால் முதல் உலகப்போர் முடிந்து 1920ல் அமெரிக்காவில் மந்தம் வந்தபோது ஃபோர்டுக்கு கடன் கழுத்தை நெரித்தது. செப்டம்பரில் விலையைக் குறைத்துப் பார்த்தார். போதவில்லை. டிசம்பரில் ஆலையை மூடினார். சில வாரங்கள் கழித்துத் திறந்தபோது மூலப்பொருள் கிடங்கு தொடங்கி முடிந்த கார் வரைக்கும் எல்லா இருப்பையும் காசாக்கியிருந்தார்.

இதில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட பாதி ஒன்று இருக்கு. 1920ல் டெட்ராய்ட், டொலிடோ அண்ட் அயர்ன்டன் என்ற ரயில் பாதையையே விலைக்கு வாங்கினார். சரக்கு வேகமா வந்து போக ஆரம்பிச்சதும், மூலப்பொருள் உள்ளே வந்து காராக வெளியே போகும் காலம் 22 நாளிலிருந்து 14 நாளாகக் குறைந்தது என்று 1922ல் வந்த தன்வரலாற்றுப் புத்தகத்தில் எழுதுகிறார். சுமார் 6 கோடி டாலர் இருப்பு வெச்சிருந்த இடத்துல 2 கோடி டாலர் விடுபட்டதாம். இது உண்மையான வேலை. சரக்கு பயணம் செய்யுற நேரம் குறைஞ்சா, வழியில கிடக்கிற சரக்கு தானாவே குறையும், உற்பத்தியில கை வைக்கவே வேண்டாம்.

இன்னொரு பாதியை அவ்வளவு சத்தமா சொல்லலை. முடிந்த கார்களையும் உதிரி பாகங்களையும் அவர் ஊர் ஊராக இருந்த டீலர்களுக்கு அனுப்பி வைத்தார். டீலர் கேட்டாரா என்பது இரண்டாம்பட்சம். வந்து இறங்கிய வண்டிக்குப் பணம் கட்டணும், இல்லைன்னா டீலர்ஷிப் போயிடும். அவங்க உள்ளூர் பேங்க்ல கடன் வாங்கிக் கட்டினாங்க. அதாவது ஃபோர்டு வாங்க மறுத்த கடனை நாடு முழுக்க இருந்த சின்ன சின்ன முதலாளிங்க வாங்கினாங்க. ஃபோர்டு புத்தகத்துல இருப்பு காலி. நாட்டுல எங்கேயும் காலி ஆகலை, இடம்தான் மாறிச்சு. இந்த வித்தையை ஞாபகம் வெச்சுக்குங்க, அம்பத்தூர் வரைக்கும் இது நம்ம கூடவே வரும்.

இனி ஜப்பான். டொயோட்டா கதையை எல்லாரும் சொல்லியாச்சு, எம்.பி.ஏ. படிச்சவங்க தூக்கத்துலகூட "கான்பான்"னு முனகுவாங்க. ஆனா அந்தக் கதையைப் பெரும்பாலும் தலைகீழாச் சொல்றாங்கன்னு எனக்குப் படுது. முதல்ல கையிருப்பைக் குறைச்சாங்க, அதனால ஜெயிச்சாங்கன்னு சொல்றது வழக்கம். நடந்த வரிசை வேற.

கீச்சிரோ டொயோடா 1938ல் கொரோமோ ஆலையைத் திறந்த காலத்திலேயே "ஜஸ்ட் இன் டைம்" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தேவையான பொருள், தேவையான நேரத்தில், தேவையான அளவு. போர் வந்தது, எல்லாம் மறந்துபோச்சு. 1949ல் அமெரிக்க ஆலோசனையில் ஜப்பான் அரசு பணவீக்கத்தை அடக்கக் கடனை இறுக்கியது (டாட்ஜ் கொள்கை என்பார்கள்). லாரி வாங்க ஆள் இல்லை, வாங்கியவர்களும் தவணை கட்டவில்லை. டொயோட்டாவிடம் செய்த வண்டிகள் தேங்கின, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. பாங்க் ஆஃப் ஜப்பானின் நகோயா கிளை முன்னின்று வங்கிகளைச் சேர்த்துக் கடன் கொடுத்தது. ஆனால் நிபந்தனைகளோடு. விற்பனைக்குத் தனி கம்பெனி வைக்கணும், அந்தக் கம்பெனி விற்க முடிந்த அளவுக்கு மட்டுமே ஆலை வண்டி செய்யணும், ஆட்களைக் குறைக்கணும்.

ஏப்ரல் 1950ல் விற்பனைக் கம்பெனி பிரிந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் மாதம் சுமார் 2 ஆயிரம் பேர் வேலையை விட்டுப் போனார்கள், கூடவே கீச்சிரோவும் தலைவர் பதவியை விட்டு இறங்கினார். அதே ஜூன் 25ஆம் தேதி கொரியப் போர் வெடித்தது, அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கில் லாரி கேட்டது! ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டாங்க. கீச்சிரோ 1952ல் இறந்துட்டார், அவர் மறுபடி நாற்காலிக்கு வரவே இல்லை.

இந்தச் சூடு வாங்கினவங்களுக்கு ரெண்டு பயம் ஒரே நேரத்துல பிடிச்சுக்கிச்சு. விக்காத வண்டி நிக்கக் கூடாது. மறுபடியும் ஆளை எடுத்துட்டு அனுப்பவும் கூடாது. முதல் பயம் இருப்பைக் குறைக்கச் சொல்லும், இரண்டாவது பயம் உற்பத்தியைச் சீரா வைக்கச் சொல்லும். நம்ம பாடப்புத்தகக் கேள்வி அங்க ரத்தமும் சதையுமா இருந்தது.

தாயிச்சி ஓனோ அப்போது மெஷின் ஷாப்பில் இருந்தவர். அந்தக் கால நிலைமையை 1978ல் வந்த தன் புத்தகத்தில் விவரிக்கிறார். மாதத்தின் முதல் பாதியில் உதிரி பாகங்கள் வந்து சேராது. அசெம்பிளியில் வேலை நடக்காது. பாகங்கள் சேர்ந்ததும் கடைசிப் பாதியில் முழு மாத வண்டியையும் முட்டி மோதி முடிப்பார்கள். ஜப்பானிய நாட்டுப்பாட்டு ஒன்றின் பெயரைச் சேர்த்து இதை "தெகன்ஷோ உற்பத்தி" என்பாராம். எனக்கு இதைப் படிக்கும்போது இன்ஜினியரிங் காலேஜ்ல ரெக்கார்டு நோட் எழுதினதுதான் ஞாபகம் வந்தது.

ஓனோ இதற்குச் சொன்ன மருந்து ஹெய்ஜுன்கா, தமிழ்ல சமன்படுத்தல்னு வெச்சுக்கலாம். மாசத்துக்கு 20 வேலை நாள். மொபெட் 1000, ஸ்கூட்டர் 600, பைக் 400 செய்யணும்னு வைங்க (ஜப்பான்ல கார், நமக்குப் புரியறதுக்கு ரெண்டு சக்கரம்). சாதாரண புத்தி என்ன சொல்லும்? முதல் பத்து நாள் மொபெட், அடுத்த ஆறு நாள் ஸ்கூட்டர், கடைசி நாலு நாள் பைக். மெஷின் செட்டிங் மாத்துற வேலை ரெண்டே தடவை, சுலபம். ஆனா பைக் கேட்டு வர்றவனுக்காக போன மாச பைக் குடோன்ல பதினாறு நாள் காத்திருக்கணும். பைக்குக்கு ஸ்போக் குடுக்கிற சின்னப் பட்டறை பதினாறு நாள் ஈ ஓட்டிட்டு நாலு நாள் தூங்காம வேலை செய்யணும், இல்லைன்னா அவன் பதினாறு நாளும் செஞ்சு அடுக்கி வெச்சிருக்கணும். சமன்படுத்தினா ஒவ்வொரு நாளும் 50 மொபெட், 30 ஸ்கூட்டர், 20 பைக். அதையும் கலந்து விடணும். பத்து வண்டியில அஞ்சு மொபெட், மூணு ஸ்கூட்டர், ரெண்டு பைக், மாறி மாறி. அப்போ ஸ்போக் பட்டறைக்குத் தினமும் ஒரே வேலை. எந்த வண்டியும் ஒரு நாளுக்கு மேல காத்திருக்க வேண்டியதில்லை. இருப்பைக் குறைன்னு யாரும் தனியா சுற்றறிக்கை விட வேண்டாம், அது தானா வத்திப்போகும்.

இதுக்கு விலை இல்லாமல் இல்லை. தினமும் பல தடவை மெஷினை மாத்திக்கிட்டே இருக்கணும். 1940களில் டொயோட்டாவில் பிரஸ்ஸில் ஒரு டையை மாற்ற இரண்டு மூன்று மணி நேரம் ஆகுமாம். அந்த வேகத்தில் சமன்படுத்தல் வெறும் கனவு. இருபது வருஷம் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கி 1960களின் இறுதியில் 3 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தாங்க. கான்பான் அட்டை எல்லா ஆலைகளுக்கும் பரவியதும் 1960களின் ஆரம்பத்தில்தான். டைகளோடயும் வரிசைகளோடயும் மல்லுக்கட்டினதுதான் பெரிய வேலை, அட்டை அதுக்குத் துணை. ஆடாத உற்பத்தி இல்லாத இடத்துல கான்பானைக் கொண்டுபோய் மாட்டினா அது பஸ் டைம்டேபிள் மாதிரி சும்மா தொங்கும். டொயோட்டா ஆட்கள் மூணு எதிரியைச் சொல்வாங்க. முடா (வீண்), முரா (ஏற்றத்தாழ்வு), முரி (தாங்க முடியாத பாரம்). உலகம் முழுக்க ஆலோசகர்கள் முதலாவதை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. ஏன்னா வீணைக் குறைச்சா காலாண்டுக் கணக்குல தெரியும். முரா இருக்கிற இடத்துல முரி தானா வரும்; நம்ம "முறி"யை ஞாபகப்படுத்தற வார்த்தை, பொருத்தமாத்தான் இருக்கு.

ஆமை முயல் கதையை ஓனோவும் சொல்றார். வேகமா ஓடிட்டுத் தூங்குற முயலைவிட நிதானமா ஒரே வேகத்துல போற ஆமைக்கு வீண் குறைச்சலாம். நம்ம ஒண்ணாம் கிளாஸ் பாடம்தான்.

அதே 1950களில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கின் கார்னகி இன்ஸ்டிடியூட்டில் நாலு பேர் இதே கேள்வியைக் கணிதமாகப் போட்டார்கள். ஹோல்ட், மோடிக்லியானி, மூத், சைமன். ஒரு பெயிண்ட் ஆலையை எடுத்துக்கொண்டு, ஆள் எடுக்க அனுப்ப ஆகும் செலவு, ஓவர்டைம் செலவு, இருப்புச் செலவு எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் வைத்து, எது எவ்வளவு அசையலாம் என்று விதி எழுதினார்கள். 1960ல் புத்தகமாக வந்தது. நாலு பேர்ல ரெண்டு பேருக்கு (சைமன் 1978, மோடிக்லியானி 1985) பொருளாதார நோபல் கிடைச்சது. அழகான கணக்கு, நானும் ரசிச்சுத்தான் போட்டேன். ஒண்ணு மட்டும் உறுத்திச்சு. ஆளை வீட்டுக்கு அனுப்பறதுக்கு அதுல ஒரு செலவு உண்டு. ஆனா அது கம்பெனிக்கு ஆகிற செலவு. வீட்டுக்குப் போன ஆளுக்கு ஆகிற செலவுக்கு சமன்பாட்டுல இடமே இல்லை.

டொயோட்டா முறைக்கும் சோதனை வந்தது. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி அதிகாலை கரியாவில் அய்சின் ஆலை எரிந்தது. பிரேக்குக்குப் போகும் ஒரு சின்ன வால்வு, விலை சில டாலர்தான். டொயோட்டாவின் தேவை கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே ஆலையிலிருந்து. கையில் இருந்ததோ மணிக்கணக்கில்தான். சில நாளில் ஜப்பானில் டொயோட்டா லைன்கள் நின்றன. உடனே "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்"னு உலகம் முழுக்கப் பேச்சு. ஆனா சுற்றியிருந்த சப்ளையர்கள், தையல் மெஷின் செய்யுற பிரதர் கம்பெனி உட்பட, தங்கள் மெஷின்களில் அந்த வால்வைச் செய்து கொடுக்க, சுமார் ஒரு வாரத்தில் ஆலைகள் பழையபடி ஓடின. 2011 நிலநடுக்கத்துக்கு அப்புறம் டொயோட்டா கொள்கையில் ஒரு திருத்தம் செய்தது. சிப் மாதிரி, செய்ய மாதக்கணக்கில் ஆகும் பொருளுக்குப் பல மாத இருப்பு வைக்கச் சொன்னது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் கம்பெனிகள் சிப் இல்லாமல் நின்றபோது டொயோட்டா கொஞ்ச நாள் தாக்குப்பிடித்ததற்கு அதுவே காரணம். அந்த வருஷம் செப்டம்பரில் அவர்களும் உலக உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது என்பது வேறு. இருப்பே கூடாதுன்னு சொன்ன கம்பெனி எந்த இடத்துல மெத்தை வேணும்னு தேடி வெச்சுக்கிச்சு. எனக்கு இது கொள்கை மாற்றமாத் தெரியலை.

இப்போ நான் இருக்கிற ஊருக்கு வர்றேன். கார்ஹிங்லேர்ந்து யூ6 பிடிச்சு, முன்ஷ்னர் ஃப்ரைஹைட்ல யூ3க்கு மாறினா பிஎம்டபிள்யூ ஆலை வாசல்ல இறங்கலாம். நகரத்துக்கு நடுவுல, சுற்றியும் வீடுங்க. விரிக்க இடம் கிடையாது. அந்த ஆலையில தினமும் சுமார் ஆயிரம் கார். பார்வையாளர் டூர் போனப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது ரோபோ இல்லை. ரோபோதான் யூடியூப்ல கொட்டிக் கிடக்கே. இவ்வளவு காருக்கான சீட்டும் டேஷ்போர்டும் எங்க அடுக்கி வெச்சிருக்காங்கன்னு தேடினேன், காணோம்.

இங்க அதுக்கு அழகான பேர் வெச்சிருக்காங்க. பெர்லன்கெட்டே, முத்துமாலை. எந்தக் காருக்கு அப்புறம் எந்தக் கார்ங்கிற வரிசையை அசெம்பிளிக்குச் சில நாள் முன்னாடியே மாலை கோத்த மாதிரி நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறம் அசைக்கக் கூடாது. சீட் செய்யுறவருக்கு அந்த வரிசை போகும், அவர் அதே வரிசையில சீட்டை லாரியில ஏத்தி அனுப்புவார். மூணாவது கார் சிவப்பு லெதர்னா மூணாவது சீட் சிவப்பு லெதர். பிரச்சனை எங்கேன்னா பெயிண்ட் ஷாப்ல. பெயிண்ட்ல ஒரு தூசி விழுந்தாப் போதும், அந்த பாடி திரும்பப் போகணும், மாலை அறுந்துடும். அதனால பெயிண்டுக்கும் அசெம்பிளிக்கும் நடுவுல வேணும்னே பெயிண்ட் அடிச்ச பாடிகளை இருப்பு வெச்சு, அங்க மறுபடி வரிசைப்படுத்தி அனுப்புறாங்க. ஒரு இடத்துல இருப்பு வெச்சதாலதான் மத்த எல்லா இடத்துலயும் இல்லாம இருக்க முடியுது.

ஜெர்மனிக்கு இந்தப் புத்தி எளிதா வரலை. போர்ஷே 1986ல் 50 ஆயிரம் கார்களுக்கு மேல் விற்றது. 1992–93ல் 15 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. புதிதாகப் பொறுப்புக்கு வந்த வீடகிங், ஓனோவிடம் பயின்ற ஜப்பானிய ஆலோசகர்களை ஸுஃபன்ஹவுசன் ஆலைக்குள் அழைத்தார். நகாவோ என்பவர் உள்ளே நுழைந்ததும், இன்ஜின் அசெம்பிளியில் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அலமாரிகளைப் பார்த்து, இது தொழிற்சாலையா குடோனா என்று கேட்காத குறையாகச் சீறினார். வீடகிங் கையில் வட்ட ரம்பத்தைக் கொடுத்து 1.3 மீட்டருக்கு மேலே இருப்பதை எல்லாம் அறுக்கச் சொன்னார். தலைவர் அறுத்தார். "லீன் திங்கிங்" (1996) புத்தகத்தில் இந்தக் கதை வருது. நல்ல நாடகம். ஆனா அலமாரியை அறுத்ததோட விட்டிருந்தா மறுநாளே இன்ஜின் லைன் நின்னிருக்கும். பின்னாடி சப்ளை முறையையே மாத்தினதுதான் வேலை.

ஜெர்மனியின் சொந்தப் பங்களிப்பு வேற இடத்துல இருக்குன்னு நினைக்கிறேன். குடோன்ல இருந்த மெத்தையை இவங்க கடிகாரத்துக்குள்ள வெச்சாங்க. ஆர்பைட்ஸைட்கோன்டோ, அதாவது வேலை நேரக் கணக்கு. பேங்க் பாஸ்புக் மாதிரி ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கணக்கு. ஆர்டர் நிறைய வந்தா வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை, சம்பளம் 35 மணிக்கு, மிச்ச 5 மணி கணக்குல ஏறும். ஆர்டர் இல்லாத மாசத்துல குறைவா வேலை, ஆனா சம்பளம் அதே, கணக்குலேர்ந்து கழியும். காரைச் செஞ்சு அடுக்கி வெக்கிறதுக்குப் பதிலா உழைப்பை அடுக்கி வெக்கிறாங்க! துரு பிடிக்காது, மாடல் பழசாகாது. 2005ல் திறந்த பிஎம்டபிள்யூ லைப்ஸிக் ஆலை வாரத்துக்கு 60லிருந்து 140 மணி நேரம் வரை ஓடுமாறு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு முன்பே ஃபோக்ஸ்வாகன், 1993ல் சுமார் 30 ஆயிரம் பேர் மிகை என்ற நிலைமை வந்தபோது, யாரையும் அனுப்பாமல் வாரத்தை 28.8 மணி நேரமாக்கியது, சம்பளமும் குறைந்தது.

2009ல் ஜெர்மன் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, ஆனால் வேலையில்லாதோர் எண்ணிக்கை ஆச்சரியமாகக் கொஞ்சம்தான் ஏறியது. நேரக் கணக்குல சேர்ந்திருந்த மணிகள் ஒரு காரணம். குர்ட்ஸ்ஆர்பைட் இன்னொரு காரணம்: வேலை நேரத்தைக் குறைச்சா போன சம்பளத்துல ஒரு பகுதியை அரசு வேலையின்மைக் காப்பீட்டு நிதி தரும். அந்த மே மாதத்தில் சுமார் 15 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் கிட்டத்தட்ட 60 லட்சம். ஆனா தற்காலிக ஏஜென்சி ஆளுங்க கதை வேற. 2008 கடைசியில முதல்ல வெளியே போனவங்க அவங்கதான். அவங்களுக்குக் கணக்கும் இல்லை, கணக்குல மணியும் இல்லை. ஜெர்மனியைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுறவங்க இந்த வரியையும் சேர்த்துப் படிக்கணும்.

சென்னைக்கு வருவோம். பாடியில் 1962ல் லாரிக்கு ஏர் பிரேக் செய்ய ஆரம்பித்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998ல் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் முதல் கம்பெனி அதுதான். ஜப்பானிலிருந்து பேராசிரியர்கள் சூடாவும் வாஷியோவும் ஆண்டுக்கணக்கில் வந்து போய்ப் பாடம் சொன்னார்கள். 2001ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002ல் டிவிஎஸ் மோட்டார், 2003ல் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004ல் லூகாஸ் டிவிஎஸ் என்று வரிசையாகச் சென்னையைச் சேர்ந்த கம்பெனிகளுக்கே விழுந்தது. பாடி பிரேக் பிரிவு 2008ல் வாப்கோ-டிவிஎஸ் ஆனது. 2020ல் வாப்கோவை உலக அளவில் வாங்கியது ஜெர்மனியின் இசட்எஃப். ஜப்பான்கிட்ட படிச்ச பாடத்தை வெச்சுக்கிட்டு பாடி இப்போ ஜெர்மன் முதலாளிகிட்ட வேலை பார்க்குது.

அந்தப் பரிசு வாங்கின கம்பெனிகளுக்குள்ள நடந்தது உண்மையான மாற்றம்தான், அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊர்ல மேடு பள்ளம் ஆலைக்கு வெளியிலேர்ந்து வருது. 2008லிருந்து சில வருஷம் தமிழ்நாட்டுல தொழிற்சாலைகளுக்கு "பவர் ஹாலிடே" இருந்தது. கரன்ட் வர்ற நேரத்துல செஞ்சு அடுக்கி வெச்சாத்தான் உண்டு, அங்க போய் ஹெய்ஜுன்கான்னு சொன்னா அடிக்க வருவாங்க. 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 வண்டிகளை விற்கக் கூடாது என்றபோது நாடு முழுக்க சுமார் 8.24 லட்சம் வண்டி இருப்பில் நின்றது. ரெண்டு நாள்ல தள்ளுபடி விலையில பைக் வாங்க ஷோரூம் வாசல்ல திருப்பதி கூட்டம்! தேதி மாதக்கணக்கா முன்னாடியே தெரியும். தயாரிப்பை நிறுத்தத்தான் தேதின்னு கம்பெனிங்க நினைச்சிருந்தாங்க, விக்கவே கூடாதுன்னு வரும்னு எதிர்பார்க்கலை.

விற்பனை விழும்போது நம்ம வழி "வேலையில்லா நாள்". 2008 கடைசியில் அசோக் லேலண்ட் வாரத்துக்கு மூன்று நாள் என்று ஓட்டியது. 2019 செப்டம்பரில் எண்ணூர் ஆலைக்கு 16 நாள், ஓசூருக்கு 5 நாள் என்று அறிவித்தது. டீலர்களிடம் லாரி குவிந்திருக்கும்போது மேலும் செய்து குவிக்காதது சரியான முடிவு என்றே சொல்வேன், ஃபோர்டு மாதிரி அவர்கள் தலையில் தள்ளாமல். கேள்வி அந்த 16 நாள் யார் தலையில விழுதுங்கிறதுதான். அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டப்படி, லே-ஆஃப் செய்தால் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு. கேஷுவல், பதிலி ஆட்களுக்குக் கிடையாது. இங்க 60 சதவீதம் தர ஒரு அரசு நிதி இருக்கு. அங்க அந்த மெத்தை ஒரகடத்துலயும் ஓசூர்லயும் ரூம் எடுத்து ஆறு பேரா தங்கியிருக்கிற பசங்க.

என் சித்தப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல சின்ன பட்டறை வெச்சிருக்கார். லேத்து, ரெண்டு சிஎன்சி, பதினாலு ஆளுங்க. ஒரு பெரிய கம்பெனிக்கு (பேர் வேண்டாம்) பத்தொன்பது வகை பாகம் குடுக்கிறார். அந்தக் கம்பெனி "ஜீரோ ஸ்டாக்"னு போர்டு வெச்சிருக்கு, வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கெல்லாம் காட்டும். ஆலைக்கு வெளியே ஒரு குடோன் இருக்கு, அதுல சித்தப்பா மாதிரி நாப்பது பேரோட சரக்கு இருக்கு. வாடகை அவங்களோடது. கம்பெனி எடுத்த அன்னிக்குத்தான் பில் போடலாம், பில் போட்டு தொண்ணூறு நாள் கழிச்சுப் பணம் (2006ஆம் வருஷச் சட்டம் 45 நாள்னு சொல்லுது, கேட்டா அடுத்த மாசம் ஆர்டர் வராது). அதுவரைக்கும் சி.சி. அக்கவுண்ட்ல வட்டி ஓடும். முதல் பத்து நாள் போனே வராது. இருபத்தி அஞ்சு தேதிக்கு மேல ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும்.

போன வருஷம் லீவுக்குப் போனப்போ அவரோட ஒரு வருஷ டெலிவரி சலானை எல்லாம் எக்ஸெல்ல போட்டுப் பார்த்தோம். அவர்தான் சொன்னார், "டேய், இந்த ரெண்டு புஷ்ஷும் மாசா மாசம் ஒரே எண்ணிக்கைதான்டா போயிருக்கு, அப்புறம் எதுக்கு மாசக் கடைசில கேட்கிறான்?" அந்த ஒரு கிராஃபை பிரின்ட் எடுத்துக்கிட்டு கம்பெனியோட பிளானிங் ஆளைப் போய்ப் பார்த்தார். அந்த ரெண்டு பாகத்துக்கு மட்டும் தினமும் ஒரே அளவு அனுப்பச் சம்மதிச்சாங்க. இப்போ தினமும் காலைல ஏழு மணிக்கு டாடா ஏஸ்ல போகுது. அந்த ரெண்டுக்கும் குடோன்ல மூணு வாரச் சரக்கு இருந்த இடத்துல இப்போ நாலு நாளுக்கு இருக்கு, அந்த மெஷின்ல வேலை பார்க்கிற பையன் ஓவர்டைம் இல்லாம ஆறு மணிக்கு வீட்டுக்குப் போறான், ஓவர்டைம் காசு போச்சுன்னு அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். மீதி பதினேழு பாகமும் இன்னும் மாசக் கடைசிலதான்.